ஞாயிறு பின்னேரத்து வேலை

வியாழக்கிழமை மத்தியானம் நான் பார்க்கும் சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டுக்கார அம்மாவுக்கு, சூப் பருக்கி, வாய் துடைத்து, கட்டிலில் சாய்த்துவிட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பராமரிக்கும் எங்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் சொந்த நேரம். இங்கே இத்தாலியில் பலெர்மோவில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கனடாவில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலில் சப்பாத்தைப் போட்டிருந்தபோது போன் அடித்தது. தமிழ்க்கடை ராணி அக்கா. "மலர், எங்கட பயஸ் அண்ணை காலமை எழும்பேல்லையாம்" என்றார். நித்திரையிலேயே போய்விட்டார் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தேன். பிறகு மற்றக் காலுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்தவர் வீட்டில் இருந்து அழ எனக்கு இடமில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை தேடியபோது கைப்பைக்குள் அவருடைய குளிசைப் பெட்டி கையில் பட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவருடைய மகள் கனடாவில் இருந்து போன் செய்தார். "அன்ரி, நீங்கள் அப்பாவிட்டை வேலை செய்தனீங்களாமே, ரெண்டு பக்கம் எழுதித் தாறியளோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஓம் என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். பயஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து ஒபரா பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு அவர் எனக்குச் சம்பளம் தந்தார்.

ஒபரா என்றால் கதை முழுவதையும் பாட்டிலேயே சொல்லும் நாடகம். கோபம் வந்தாலும் பாட்டு, கடிதம் வந்தாலும் பாட்டு. மன்னாரில் கோயில் முற்றத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் என்பதால்தான் அவருக்கு இதில் பித்து என்று நம் ஆட்கள் விளக்கம் சொல்வார்கள். அவர் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "கூத்துக்குப் போனால் எனக்குச் சின்னனிலையே நித்திரைதான்" என்பார்.

நான் அவரை முதலில் கண்டது ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டில். நான் இரண்டாம் மாடியில் ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மூன்றாம் மாடியில் ஒரு வயதான வழக்கறிஞரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வக்காத்தோ என்றுதான் எல்லோரும் அந்த வழக்கறிஞரைச் சொல்வார்கள். மனைவி இறந்தபிறகு ஒபரா மண்டபத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாகிவிட்டது. அதில் இருக்கப் பிள்ளைகள் சம்பளத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். வந்தவர்களை எல்லாம் அவர் ஓரிரண்டு தடவையிலேயே அனுப்பிவிட்டாராம். கடைசியில் வந்து நிலைத்தவர் பயஸ் அண்ணன். உங்களை மட்டும் ஏன் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். தன் இத்தாலியன் சுத்தமாக இருந்ததால் என்றார். அவருடைய இத்தாலியனை நான் கேட்டிருக்கிறேன், அதனால் அந்தப் பதிலை அப்போதே நான் நம்பவில்லை. ஆனால் குப்பைப் பையோடு படி இறங்கும்போதுகூட பயஸ் அண்ணன் ஏதாவது ஒபராப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்குவார்.

அவ்வக்காத்தோ இறந்தபோது பயஸ் அண்ணனுக்கு வேலையும் போயிற்று, தங்க இடமும் போயிற்று, அந்தக் கதிரையும் போயிற்று. அலுவலகம் துப்புரவாக்கும் வேலை ஒன்று எடுத்துக்கொண்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தார். மனைவி ஏற்கெனவே இல்லை, பிள்ளைகள் கடல் கடந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் காட்சி உண்டு. மண்டபத்தின் உச்சி மாடியில் மலிவான வரிசைகள் இருக்கின்றன. அங்கே தன் காசில் சீட்டு எடுத்துப் போகத் தொடங்கினார். தனியாகப் போனது அவருக்குச் சரிவரவில்லை. "தனியப் பாத்தால் பாதிதான் பாத்த மாதிரி. நல்ல இடம் வரேக்கை திரும்பிப் பாக்க ஒரு முகம் வேணும்" என்று சொல்வார்.

முகம் தேடினார். முதலில் அறையில் கூட இருந்த யோகனைக் கூட்டிக்கொண்டு போனார். முதலாம் அங்கம் முடியமுன்பே குறட்டை. முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்களாம். இரண்டு வீட்டு வேலை முடித்து வருகிற பொடியன் மெத்தைக் கதிரையைக் கண்டால் வேறு என்ன செய்வான் என்று அவனுக்காகப் பரிந்துதான் பேசினார். அடுத்து வந்தவர் தன் மடியில் போனை வைத்துக் கிரிக்கெட் பார்த்தார். அதையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது ஆள் திரை விலகுவதற்கு முன்பே "நல்லாயிருக்கு அண்ணை" என்றாராம். அன்றுதான் அவர் உண்மையிலேயே மனம் நொந்து வீட்டுக்குப் போனார்.

வியா மக்வேதா தெருவில் ராணி அக்காவின் கடை வாசலில் பயஸ் அண்ணன் என்னைக் கண்டார். இரண்டு பேர் கையிலும் மரக்கறிப் பைகள். "மலர், எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். கணவர் போய்ப் பல வருடமான எனக்கு முகம் சுட்டுவிட்டது. நன்றாகக் கேட்டுவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"ஒபராவுக்கு" என்றார் அவசரமாக. "சும்மா வரவேண்டாம். சம்பளம் தருவன்."

"உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறதுக்கோ சம்பளம்?"

"ஓம். எனக்கும் அதுக்குத்தானே தந்தவை. சும்மா வந்தால் சனம் கதைக்கும், மலர். வேலைக்கு வந்தால் ஒருத்தரும் கதைக்கமாட்டினம்."

நம் சனத்தை அவர் நன்றாகப் படித்து வைத்திருந்தார். இந்த ஊரில் நாங்கள் முன்பின் தெரியாத ஆண்களின் வீட்டில் தங்குகிறோம், அவர்களைக் குளிக்க வார்க்கிறோம், பக்கத்து அறையில் படுக்கிறோம். வேலை என்றால் ஒரு குற்றமும் இல்லை. அதே பெண் ஞாயிறு பின்னேரம் தன் விருப்பத்துக்கு ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுக் கேட்டால் கோயில் வாசல் வரைக்கும் கதை போகும். பின்னாளில் கதை வரத்தான் செய்தது. ராணி அக்காதான் நேரே கேட்டார். வேலை என்றேன். "ஓ, வேலையோ" என்று அவர் கத்தரிக்காய் நிறுக்கப் போய்விட்டார். அதோடு அது முடிந்தது.

வேலை என்றால் வேலை போல இருக்கவேண்டும் என்று பயஸ் அண்ணன் எனக்குக் கடமைகளும் தந்தார். அவருடைய மேலங்கியை வைத்திருக்க வேண்டும். மேடைக்கு மேலே ஓடும் பாட்டு வரிகளின் எழுத்தை வாசிக்க அவருக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுக்க வேண்டும். இடைவேளையில் பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு கொடுக்க வேண்டும். ஒரு சின்ன நீலப் பெட்டியில் குளிசைகளைப் போட்டு என்னிடமே தந்துவிட்டார்.

முதல் ஞாயிறு நான் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையில் போனேன். உச்சி மாடியில் எல்லோரும் கம்பளிச் சட்டையோடு இருந்தார்கள். மூன்று மணித்தியாலக் காட்சி என்று கேள்விப்பட்டதால் பன்னிரண்டு மீன் றோல்ஸும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் கொண்டுபோயிருந்தேன். திருவிழாவுக்குப் போகிறவள் வேறு எப்படிப் போவாள்? விளக்கு அணைந்ததும் றோல்ஸ் வாசம் மெதுவாக எழும்பி வரிசை வரிசையாகப் போயிற்று. காவலுக்கு நிற்கும் பெண் வந்து எங்கள் பக்கமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். பயஸ் அண்ணன் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடைவேளையில் வெளிப் படிக்கட்டுக்குப் போய் இருந்து சாப்பிட்டோம். ஒன்றை அந்தப் பெண்ணுக்கும் கொடுத்தார். பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் அவள் என் பையைத்தான் முதலில் பார்ப்பாள்.

எனக்கு அன்று ஒன்றும் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. கதாநாயகிக்குக் கடும் நோய். படுக்கையில் கிடந்தவள் எழும்பி நின்று நெடுநேரம் பாடிவிட்டுத்தான் செத்தாள். வெளியே வந்ததும், நான் எத்தனையோ பேர் சாகும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன், சாகிற ஆள் இப்படிப் பாடாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"உண்மைதான்" என்றார். "சாகேக்கை ஒருத்தராலும் சொல்ல ஏலாததைத்தான் அவ பாடுறா."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த இரண்டாம் மாடிச் சிஞ்ஞோராவின் ஞாபகம் வந்தது. கடைசி நாள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கரண்டியால் பருக்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் இல்லை அவர் கேட்டது. அந்த வாய் எத்தனையோ வருடம் எனக்குள்ளே திறந்து மூடிக்கொண்டிருந்தது. பயஸ் அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை ஒருத்தி சாகப் போகிறாள் என்று மேலே எழுத்து ஓடியபோது, நாளைக்குச் சமைப்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கிழமை மாறிவிட்டது. முந்தி ஞாயிறு என்றால் ஸ்டேஷன் பக்கத்து வாங்குப் பலகையில் நம் பெண்களோடு இருந்துவிட்டு, அவர்கள் பிள்ளை குட்டி என்று எழும்பிப் போனபிறகும் இருந்து, இருட்டத் தொடங்க வேலை வீட்டுக்குத் திரும்புவேன். லீவு நாள் எப்போது முடியும் என்று காத்திருப்பது ஒரு பொல்லாத காத்திருப்பு. வேலை வீட்டில் என் பெயரைப் பாதியாக்கித்தான் கூப்பிடுவார்கள். மகன் போன் எடுத்தால் அம்மா என்பான், அவனும் அவசரத்தில் இருப்பான். கிழமையில் ஒருதரம் ஒருவர் மலர் என்று முழுதாகச் சொல்லி, கதையின் முதல் பாதியை விளக்கி, இரண்டாம் பாதியைச் சொல்லாமல் ஒளித்து வைத்தார். அவருக்கு அதில் சின்னப் பிள்ளையின் கள்ளத்தனம்.

ஒவ்வொரு காட்சி முடிவிலும், மேலங்கியை நான் நீட்டும்போது, "மலர், பிடிச்சிருந்ததோ?" என்று கேட்பார். அவர் தேடியது அந்த ஒரு பதிலைத்தான். எனக்கு அது தெரியும். ஆனாலும், "சம்பளம் தாறியள், இருக்கிறன்" என்பேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்பீர்கள். பிடித்தது என்று சொன்னால் அது வேலை இல்லை. வேலை இல்லை என்றால் நான் அங்கே அவருக்குப் பக்கத்தில் என்ன செய்கிறேன்? சம்பளம் வாங்கும்வரைக்கும்தான் எனக்கு அந்தக் கதிரை. வாங்கிய காசை என்ன செய்தேன் என்றும் சிலருக்குக் கேட்க விருப்பமாயிருக்கும். அது என் பாடு.

மழை பெய்த ஒரு ஞாயிறு. மேடையில் வயதான ஒருவன் காணாமல்போன மகளைத் தேடி வந்து, கதவுக்கு வெளியே நின்று பாடுகிறான். அவள் உள்ளே இருக்கிறாள், அவனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் திரை விழுந்தது, விளக்கு எரிந்தது, சனம் எழும்பிப் போனது. நான் எழும்பவில்லை. பயஸ் அண்ணனும் எழும்பவில்லை. றோல்ஸ் பை காலடியில் கிடந்தது. மணி அடித்து, சனம் திரும்பி வந்து, விளக்கு மறுபடி அணைந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் எனக்குத் திடுக்கிட்டது. குளிசை! இருட்டில் கைப்பையைத் திறந்து துழாவத் தொடங்கினேன்.

"பிறகு போடலாம். பாருங்கோ" என்றார் மெதுவாக. அப்போது அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. என் பதகளிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. குளிசை கொஞ்சம் பிந்தினால் பாதகமில்லை என்று டொக்டர் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்தான். ஆனாலும் வேலை வேலைதானே. வெளியே வந்து, வேலையில் பிழை விட்டுவிட்டேன் என்றேன்.

"ஓம், பெரிய பிழை" என்றார். பஸ் தரிப்பு வரைக்கும் குடைக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். அன்று அவர் எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்கவில்லை. அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. எத்தனை தடவைதான் அதே பதிலைக் கேட்பது, அலுத்துவிட்டது போல என்று நினைத்தேன். கேட்காமல் விட்டது எனக்கு உள்ளுக்குள் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அடக்கம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சவப்பெட்டி மாதா கோயில் வாசலைத் தாண்டியபோது அவரோடு துப்புரவு வேலை செய்த இத்தாலியர்கள் கைதட்டினார்கள். ராணி அக்கா என் கையைப் பிடித்து, செத்தவீட்டில் கைதட்டுகிறார்களே என்று பதறினார். இந்த நாட்டில் போகிறவருக்கு அப்படித்தான் மரியாதை செய்வார்கள் என்று சொல்லி, நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்தியபிறகும் கொஞ்சநேரம் தட்டியிருக்கிறேன் என்று பிறகு யோகன் சொன்னான்.

படிக்கட்டில் ஒரு நரைத்த பெண்மணி என்னிடம் வந்தார். அவ்வக்காத்தோவின் மகள். உச்சி மாடியில் பயஸோடு வருகிற பெண் நீங்கள்தானே என்றார். கீழே தகப்பனின் பழைய கதிரையில் இருந்து எங்களைப் பார்த்திருக்கிறார். பிறகு தகப்பனின் கதை ஒன்று சொன்னார். பயஸுக்கு முன் வந்த ஆட்கள் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, மருந்தைச் சரியான நேரத்துக்கு எடுத்து நீட்டுவார்களாம். தகப்பனுக்கு அதுவே வெறுத்துப் போயிற்று. பயஸ் வந்த முதல் நாள் இடைவேளையும் போய், இரண்டாம் பாதியும் போய், மருந்தின் நினைப்பே இல்லாமல் வாய் பிளந்து இருந்தாராம். தகப்பன் வீட்டுக்கு வந்து, மருந்தை மறக்கிற ஆள் கிடைத்துவிட்டான், இனிமேல் ஒருவரையும் தேடவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். பயஸுக்கும் அது தெரியும், அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள் என்றார்.

நான் இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு இன்னொருதரம் சொன்னார். பயஸ் அண்ணன் அன்று ஏன் குடைக்குள் சிரித்தார் என்றும், அதற்குப் பிறகு ஏன் கேட்கவில்லை என்றும் அப்போதுதான் விளங்கிற்று. அவர் தேடிய முகம் கிடைத்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொன்னால் எனக்கு வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் பேசாமல் சம்பளம் தந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் ஞாயிறு. அவர் முன்பே எடுத்து வைத்த இரண்டு சீட்டுகள் என்னிடம் இருந்தன. போனேன். செத்தவீட்டுத் துடக்கு நாளில் பாட்டுக் கேட்கப் போனாளே என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு அவர் உறவு முறையும் இல்லை. றோல்ஸ் செய்யவில்லை. காவலுக்கு நிற்கும் பெண் என் பையைப் பார்த்தாள், பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். இரண்டாம் அங்கத்தில் ஒரு நல்ல இடம் வந்தது. பழக்கத்தில் திரும்பினேன். சிவப்புத் துணி போட்ட கதிரைதான் இருந்தது. நான் மறுபடி மேடைப் பக்கம் திரும்புவதற்குள் அந்த இடம் முடிந்துவிட்டது.

அவருடைய அறையில் இருந்த மேலங்கியையும் கண்ணாடியையும் எடுத்து அவருடைய பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டேன். குளிசைப் பெட்டியைக் கொடுக்கவில்லை. அந்த ஞாயிறுக்கு உரிய குளிசை இன்னும் அதற்குள் கிடக்கிறது. அது என் கைப்பையிலேயே இருக்கட்டும். இனி ஞாயிறு பின்னேரங்களில் என்னை அந்தப் பக்கம் கண்டால், வேலைக்கோ என்று யாரும் கேட்கவேண்டாம். எனக்கு இப்போது சம்பளம் தர ஆளில்லை.

எனக்குப் பிடிச்சிருந்தது, பயஸ் அண்ணை. முதல் நாளிலை இருந்து இல்லை. ஆனால் பிடிச்சிருந்தது.